வேலை இழந்த தகப்பனுக்கு வந்த உதவி பிள்ளைக்குப் போகாதது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொரோனா காலத்தில் வேலை இழந்த இளைஞர்களுக்கு அரசு செய்ததைப் பற்றியும், தாய் தந்தையை இழந்த குழந்தைகளுக்குச் செய்ததைப் பற்றியும் நிறைய எழுதப்பட்டுவிட்டது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கூட்டம் விடுபட்டுப் போனது. தகப்பன் உயிரோடு இருக்கிறார், மனைவியைப் பிரிந்து வாழ்கிறார், பிள்ளைக்கு மாதம் 4,000 அல்லது 5,000 ரூபாய் கொடுக்கும்படி குடும்ப நல நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு வந்தது, அவருடைய வேலை போனது, பிள்ளைக்கு வந்துகொண்டிருந்த பணமும் நின்றது. அந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

மும்பையின் தாராவி, சயான் கோலிவாடா, ஆன்டாப் ஹில், செம்பூர், மான்குர்டு, சீட்டா கேம்ப் பகுதித் தமிழ்க் குடும்பங்களுக்கு மனு எழுதிக் கொடுக்கும் சட்ட உதவித் தன்னார்வலர்கள் நாங்கள். வேலைவாய்ப்பு உதவியையும் குழந்தைப் பராமரிப்பையும் இரண்டு தனித்தனி அலுவலகங்களின் வேலையாகப் பார்க்கும்வரை, அடுத்த நெருக்கடியிலும் இதே பிள்ளைகள்தான் பட்டினி கிடப்பார்கள் என்பது எங்கள் உறுதியான கருத்து.

முதலில், வேலை இழந்தவருக்கு என்ன வந்தது என்று பார்ப்போம். பி.எஃப். என்னும் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதிக் கணக்கிலிருந்து திருப்பிச் செலுத்த வேண்டாத முன்பணம் எடுக்கலாம் என்று 2020 மார்ச் கடைசியில் அறிவித்தார்கள். கணக்கில் இருப்பதில் 75 சதவீதம் அல்லது மூன்று மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும், இரண்டில் எது குறைவோ அது. பெரிய தொகையாகத் தோன்றும் இதை ஓர் இளைஞரின் கணக்கில் போட்டுப் பாருங்கள். பி.எஃப். சம்பளம் 12,000 ரூபாய் என்றால் அவர் பங்கு 1,440. முதலாளி பங்கில் ஓய்வூதியத்துக்குப் போவது போக, பி.எஃப். கணக்கில் சேர்வது சுமார் 440. மாதம் 1,880 ரூபாய். இரண்டு வருடம் வேலை பார்த்தவர் கணக்கில், வட்டியைச் சேர்க்காமல், 45,120 ரூபாய் இருக்கும். அவர் எடுக்கக்கூடியது 33,840. ஆறு மாதம் மட்டும் வேலை பார்த்தவருக்கு 8,460 ரூபாய்தான்.

அடுத்தது இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டின் வழியாக வந்த அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டம். வேலை போனவருக்கு, சராசரி தினசரி வருமானத்தில் 25 சதவீதமாக இருந்த நிவாரணத்தைப் பெருந்தொற்றின்போது 50 சதவீதமாக உயர்த்தினார்கள். அதிகபட்சம் 90 நாள், ஆயுளில் ஒருமுறை. முன்பு வேலை போய் 90 நாள் ஆன பிறகே கேட்க முடியும், அதை 30 நாளாகக் குறைத்தார்கள். முதலாளியின் கையெழுத்து இல்லாமல் தொழிலாளியே நேரடியாக விண்ணப்பிக்கவும் வழி செய்தார்கள். மாதம் 15,000 ரூபாய் வாங்கியவருக்கு நாளுக்கு 250 வீதம் 90 நாளுக்கு 22,500 ரூபாய். நல்ல திட்டம். ஆனால் குறைந்தது இரண்டு வருடம் இ.எஸ்.ஐ.யில் இருந்திருக்க வேண்டும். வேலை போவதற்கு முந்தைய ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளும், வேலை போவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் உள்ள மற்ற மூன்று காலங்களில் ஏதாவது ஒன்றில் 78 நாளும் சந்தா கட்டப்பட்டிருக்க வேண்டும். பத்தொன்பது, இருபது வயதில் முதல் வேலைக்குப் போனவர் இதில் எங்கே தேறுவார்? கான்ட்ராக்டர் மாறிக்கொண்டே இருக்கும் ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி வேலைக்காரர்களில் பலருக்கு 78 நாள் கணக்கே உதைக்கும். அப்ரண்டிஸ் சட்டத்தின்படி பயிற்சியில் இருந்தவர்களுக்கோ பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டுமே கிடையாது. ஊரடங்கில் பயிற்சி நின்றபோது கையில் வாங்க அவர்களுக்கு ஒன்றும் இருக்கவில்லை. பைக்கில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் பிள்ளைகள் நிலையும் இதுதான்.

புது வேலைகளுக்காக வந்தது ஆத்மநிர்பர் பாரத் ரோஜ்கார் திட்டம். 2020 அக்டோபர் 1 முதல் புதிதாகச் சேர்க்கப்பட்ட, மாதம் 15,000 ரூபாய்க்குக் குறைவாகச் சம்பளம் வாங்குபவர்களுக்காக, இரண்டு வருடத்துக்கு பி.எஃப். பங்கை மத்திய அரசே கட்டியது. ஆயிரம் பேர் வரை உள்ள நிறுவனத்தில் இரு தரப்புப் பங்கும் சேர்த்து 24 சதவீதம், அதற்கு மேல் என்றால் தொழிலாளி பங்கு 12 சதவீதம் மட்டும். சேர்க்கைக் கெடு முதலில் 2021 ஜூன் 30, பிறகு 2022 மார்ச் 31 வரை நீட்டித்தார்கள். பி.எஃப். உறுப்பினருக்கான யு.ஏ.என். எண்ணை ஏற்கெனவே வைத்திருப்பவர் என்றால் 2020 மார்ச் 1 முதல் செப்டம்பர் 30க்குள் வேலை போயிருக்க வேண்டும். மும்பையில் பலர் தடுக்கி விழுந்தது இந்த இடத்தில். பழைய கான்ட்ராக்டர் வேலையை விட்ட தேதியைப் பதிவு செய்யாமலே போயிருப்பார். ஏட்டில் ஆள் இன்னும் பழைய வேலையில் இருப்பார். கடைசி சந்தா கட்டி இரண்டு மாதம் ஆனபின், யு.ஏ.என். இணையதளத்தில் ஆதார் ஓ.டி.பி. போட்டு, தொழிலாளியே வெளியேறிய தேதியைப் பதிவு செய்துகொள்ளலாம். 2020 ஜனவரி முதல் இந்த வசதி இருக்கிறது. தெரிந்தவர்கள் மிகக் குறைவு.

தமிழர்களுக்கென்றே இன்னொரு சிக்கலும் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஆதாரில் தந்தை பெயர் முதலெழுத்தாக இருக்கும், முனிசிபல் பள்ளிச் சான்றிதழில் மராட்டிய வழக்கப்படி பெயர், தகப்பன் பெயர், சாதிப் பெயர் என்று மூன்றாக நீண்டிருக்கும், கான்ட்ராக்டர் மூன்றாவதாக ஒன்றை எழுதியிருப்பார். பி.எஃப். கணினி இவற்றை மூன்று ஆட்களாகவே பார்க்கும். கோரிக்கை மனு திரும்பி வந்தபின் ஓடுவதைவிட, வேலையில் இருக்கும்போதே முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து கொடுக்கும் கூட்டு உறுதிமொழிப் படிவத்தின் மூலம் பெயரை ஆதாருக்கு ஒத்தபடி திருத்திக்கொள்வது நல்லது. நிறுவனம் மூடிவிட்டால் இதே வேலை மாதக்கணக்கில் இழுக்கும்.

எத்தனை ஓட்டை இருந்தாலும் இவ்வளவு உதவி வந்தது. இதில் பிள்ளையின் பங்கு என்ன? சட்டப்படி ஒரு பைசாகூட இல்லை. அன்று நடப்பில் இருந்த பி.எஃப். சட்டத்தின் 10ஆம் பிரிவு, உறுப்பினர் கணக்கில் உள்ள பணத்தை எந்த நீதிமன்ற உத்தரவாலும் ஜப்தி செய்ய முடியாது என்றது. இ.எஸ்.ஐ. சட்டத்தின் 60ஆம் பிரிவு, அதன் ரொக்கப் பலன்களைப் பற்றி அதையே சொன்னது. கடன்காரர்களிடமிருந்து தொழிலாளியைக் காப்பாற்ற எழுதப்பட்ட நல்ல பாதுகாப்புகள் இவை. ஆனால் பெற்ற பிள்ளையையும் கடன்காரர் வரிசையில் நிறுத்திவிட்டன. அதே தகப்பன் வேலையில் இருந்தபோது நிலைமை வேறு. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவுப்படி, சாதாரணக் கடனுக்குச் சம்பளத்தின் பெரும்பகுதியைத் தொட முடியாது. ஆனால் பராமரிப்புத் தொகைக்காக என்றால் மூன்றில் ஒரு பங்கை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தைப் பிடிக்கலாம். சம்பளத்தில் பிள்ளைக்கு முதலிடம் கொடுத்த சட்டம், சம்பளம் போய் அரசு நிவாரணம் வந்ததும் பிள்ளையை வெளியே நிறுத்தியது. பெருந்தொற்றில் நடந்த அநியாயங்களில் எங்களுக்கு மிகப் பெரியதாகப் படுவது இதுதான்.

வேலை போய்விட்டால் பராமரிப்பு உத்தரவும் தானாக நின்றுவிடும் என்று நினைக்கும் தகப்பன்மார்கள் ஏராளம். நிற்காது. மாதா மாதம் நிலுவை ஏறிக்கொண்டே போகும். செய்ய வேண்டியது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 127ஆம் பிரிவின்படி, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 146ஆம் பிரிவின்படி, தொகையை மாற்றக் கோரி உடனே மனு போடுவது. கான்ட்ராக்டர் வேலைநீக்கக் கடிதம் தரமாட்டார், அதற்காகக் காத்திருக்க வேண்டாம். கடைசி சந்தா எந்த மாதம் என்று காட்டும் பி.எஃப். பாஸ்புக், இ.எஸ்.ஐ. பங்களிப்புப் பட்டியல், ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம் மூன்றையும் இணைத்தால் நீதிமன்றத்துக்கு நிலைமை புரியும். மனு நிலுவையில் இருக்கும்போது முடிந்ததைக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், அதுவும் வங்கி வழியாக. ஆயிரம் ரூபாய் ஆனாலும் எந்த மாதத்துக்கான பணம் என்று குறிப்புப் போட்டு அனுப்புங்கள். மச்சான் கையில் ரொக்கமாகக் கொடுத்தேன் என்று நீதிமன்றத்தில் சொன்னால் நிரூபிக்க வழியில்லை. வேலையே இல்லை என்ற ஒற்றை வாதமும் எடுபடாது. உடல் வலு உள்ளவர் கூலி வேலை பார்த்தாவது மனைவி மக்களைக் காப்பாற்றக் கடமைப்பட்டவர் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

தாய்மார்கள் பக்கம் வருவோம், அதிக இழப்பு அங்கேதான். பராமரிப்புத் தொகைக்கு வழி செய்வது மேலே சொன்ன பழைய சட்டத்தின் 125ஆம் பிரிவு, இன்றைய சட்டத்தின் 144ஆம் பிரிவு. கொடுக்கப்படாத தொகையை வசூலிக்க நீதிமன்றத்திடம் வாரண்ட் கேட்பதென்றால், அந்தத் தொகை கொடுபட வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போட வேண்டும். மாதம் 5,000 வீதம் மூன்று வருட நிலுவை 1,80,000 ரூபாய் சேரட்டும், ஒரேயடியாகக் கேட்போம் என்று பொறுத்திருந்தால் கடைசிப் பன்னிரண்டு மாதத்துக்கான 60,000 ரூபாய்க்குத்தான் வாரண்ட் கிடைக்கும். பொறுமைசாலிகளுக்கே நட்டம் வைக்கும் விதி இது. முதல் மனுவை ஓராண்டுக்குள் போட்டுவிட்டால், அது நிலுவையில் இருக்கும்வரை அதன்பின் சேரும் மாதங்களையும் அதே வழக்கில் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆக, காலத்தோடு போட்ட ஒரு மனு பின்வரும் மாதங்களையும் காப்பாற்றும். கொரோனாவுக்காக, 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான காலத்தைக் காலவரம்புக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் சலுகை கொடுத்தது. அந்தச் சலுகை இருப்பதே தெரியாமல் பலர் இருந்துவிட்டார்கள், இப்போது அது முடிந்து வெகுகாலம் ஆகிறது. ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். பணம் கட்டாததற்காகத் தகப்பன் சிறைக்குப் போய் வந்தாலும் கடன் தீர்ந்ததாகாது. நிலுவை அப்படியே நிற்கும்.

ஊரடங்கில் திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் திரும்பிப் போன பெண்களில் சிலர் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள். வழக்குக்காக மும்பைக் குடும்ப நல நீதிமன்றம் இருக்கும் பாந்த்ராவுக்கு வந்து போக வேண்டுமோ என்று பயந்தே மனு போடாதவர்கள் உண்டு. தேவையில்லை. தாயும் பிள்ளையும் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். அங்கே கிடைக்கும் உத்தரவை, தகப்பன் எந்த ஊரில் இருக்கிறாரோ அந்த ஊர் நீதிமன்றம் மூலம் நிறைவேற்றலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு விண்ணப்பம் போதும். திருமணத்தைப் பதிவு செய்யாவிட்டாலும், பெற்றோர் திருமணமே செய்யாவிட்டாலும், பிள்ளையின் உரிமைக்குப் பழுதில்லை.

2020 நவம்பர் 4 அன்று ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு இந்தத் துறையின் பெரிய மாற்றம். இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் ஒரே மாதிரிப் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தர வேண்டும். எதிர்தரப்பு நான்கு வாரத்துக்குள் தர வேண்டும், வாய்தா இரண்டு முறைக்கு மேல் கூடாது, இடைக்காலத் தொகையை நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் முடிவு செய்ய முயல வேண்டும், தொகை மனு போட்ட நாளிலிருந்தே கணக்கிடப்பட வேண்டும். தாய்மார்கள் பலர் இந்தப் பத்திரத்தில் கணவரின் வருமானப் பகுதியில் ‘தெரியாது’ என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். முதலாளி அல்லது கான்ட்ராக்டர் பெயர், வண்டி எண், எந்த வங்கியில் கணக்கு, டெலிவரி வேலை என்றால் எந்த நிறுவனத்துக்காக ஓட்டுகிறார் என்று தெரிந்ததை எழுதினால், அந்த விவரங்களைத் தாக்கல் செய்யச் சொல்லும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம். வெற்றிடமாக விட்டால் எதிர்தரப்பு எழுதியதே கணக்காகிவிடும்.

பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கான திட்டங்கள் பலருக்கும் தெரிந்தவை. பி.எம். கேர்ஸ் திட்டத்தின்படி 23 வயதில் 10 லட்சம் ரூபாய், 18 முதல் 23 வரை மாத உதவித்தொகை, 5 லட்சம் ரூபாய் மருத்துவக் காப்பீடு. ஆனால் இருவரில் ஒருவர் உயிரோடு இருந்தால் கிடையாது. ஜீவனாம்சம் கொடுத்துக்கொண்டிருந்த தகப்பன் இறந்திருந்தால், பிரிந்து வாழ்ந்த பிள்ளைக்கும் அவருடைய பி.எஃப். ஓய்வூதியத் திட்டத்தில் 25 வயது வரை உரிமை உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு பிள்ளைகள் வரை பெறலாம், படிவம் 10-டி கொடுக்க வேண்டும். இறந்த செய்தியே தாமதமாகத் தெரியவந்த குடும்பங்கள் இதை இன்னும் கேட்காமல் இருக்கின்றன.

தகப்பன் உயிரோடு இருந்து கொடுக்காத வீட்டுக்கு மகாராஷ்டிரத்தில் ஓரளவு கை கொடுப்பது மாநில அரசின் பால் சங்கோபன் திட்டம். ஒற்றைப் பெற்றோர் வளர்க்கும் குழந்தைக்கு மாதம் 2,250 ரூபாய். முன்பு இது இதைவிடக் குறைவாக இருந்தது. விண்ணப்பம் மாவட்டப் பெண்கள், குழந்தைகள் வளர்ச்சி அலுவலகத்துக்குப் போக வேண்டும், வீட்டுக்கு வந்து விசாரித்தபின் குழந்தைகள் நலக் குழு உத்தரவிடும். மும்பை இரண்டு மாவட்டம் என்பதை மறந்துவிடுகிறார்கள். தாராவி, சயான் கோலிவாடா, ஆன்டாப் ஹில் மும்பை நகர மாவட்டம். செம்பூர், மான்குர்டு, சீட்டா கேம்ப் புறநகர் மாவட்டம். மாற்றிக் கொடுத்தால் கோப்பு திரும்பி வரும். தாசில்தார் வருமானச் சான்று, பிள்ளை படிப்பதைக் காட்டும் பள்ளியின் போனஃபைடு சான்று, தாய், பிள்ளை இருவரின் ஆதார், ரேஷன் கார்டு, குழந்தை பெயரில் வங்கிக் கணக்கு, பிரிந்து வாழ்வதற்கு ஆதாரமாக நீதிமன்ற உத்தரவின் நகல் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும்.

வெளிநாட்டு நடைமுறைகளைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றச் சொல்லவில்லை. ஆனால் ஜெர்மனியில் ஒரு பெற்றோர் பராமரிப்புத் தொகையைக் கொடுக்காவிட்டால் அரசே பிள்ளைக்கு முன்பணமாகக் கொடுத்துவிட்டு அவரிடம் பிறகு வசூலிக்கிறது. 2017 முதல் 18 வயது வரை இது கிடைக்கிறது. பிரிட்டனில் அரசு உதவித்தொகையில் வாழும் தகப்பன்கூட வாரம் 7 பவுண்டு பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும், அதை உதவித்தொகையிலேயே பிடித்துக்கொள்ள முடியும். வருமானம் 25 சதவீதம் மாறினால், நீதிமன்றம் போகாமலே தொகையைத் திருத்திக்கொள்ளலாம். அங்கும் பெருந்தொற்றின் தொடக்கத்தில் பராமரிப்புத் தொகைப் பிரிவு ஊழியர்களை எடுத்து வேறு உதவித்தொகை வேலைக்கு அனுப்பினார்கள். நெருக்கடி வந்தால் முதலில் காலியாகும் மேசை பிள்ளைகளுடையதாகவே இருக்கிறது.

தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்புகளாக மாற்றியிருக்கும் இந்த நேரத்தில் மத்திய, மாநில அரசுகளிடம் நாங்கள் கேட்பது இவை. வேலை இழப்பு நிவாரணம் எதுவானாலும், பராமரிப்பு உத்தரவு இருக்கும் இடத்தில் ஐந்தில் ஒரு பங்கு நேரடியாகப் பிள்ளையின் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். மேலே சொன்ன 22,500 ரூபாயில் 4,500 என்பது தகப்பனைக் கவிழ்த்துவிடாது, பிள்ளைக்கோ மூன்று மாதப் பாலும் பள்ளி வேன் கட்டணமும் ஆகும். நெருக்கடிக் காலத்தில் உத்தரவுத் தொகையைப் பால் சங்கோபன் நிதியிலிருந்து அரசே முன்பணமாகக் கொடுத்து, தகப்பனுக்கு வேலை கிடைத்தபின் தவணையாக வசூலிக்கட்டும். முதல் வேலையில் இருக்கும் இளைஞர்களுக்கு இ.எஸ்.ஐ. நிவாரணத்தின் இரண்டு வருட நிபந்தனையை நீக்கி, அப்ரண்டிஸ்களையும் அந்த நிவாரணத்தில் சேர்க்க வேண்டும். தொகையைக் குறைக்கக் கோரும் மனுவை 30 நாளில் முடிக்க வேண்டும், குறைத்த பகுதியை ரத்து செய்யாமல் பின்னால் கொடுக்க வேண்டிய தொகையாகக் குறித்துவைக்க வேண்டும். இதற்காக மும்பைக் குடும்ப நல நீதிமன்றத்தில் தமிழ் தெரிந்த ஒருவரை வாரத்தில் ஒரு நாளாவது உதவி மையத்தில் உட்கார வைத்தால், மராத்தியும் ஆங்கிலமும் படிக்கத் தெரியாத தாய்மார்கள் இடைத்தரகர்களிடம் போக வேண்டியிருக்காது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். வாரண்ட் மனுவுக்கான ஓராண்டுக் கெடுவையும், வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்பதையும் தங்கள் நாளிதழின் மும்பைப் பதிப்பில் மட்டுமல்லாமல் நெல்லைப் பதிப்பிலும் பெட்டிச் செய்தியாக வெளியிடுங்கள். பாதிக்கப்பட்ட தாய்மார்களில் பலர் இப்போது அங்கேதான் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
சட்ட உதவித் தன்னார்வலர்கள்,
தாராவி, மும்பை – 400017